எட்கர் பெர்கன்

எட்கர் பெர்கன் (1903–1978) அமெரிக்க நகைச்சுவைக் கலைஞர். உதடு அசையாமல் பேசி, கையிலுள்ள பொம்மையே பேசுவதுபோல் தோன்றச் செய்யும் மாயக்குரல் கலையில் புகழ்பெற்றவர். சுவீடனிலிருந்து குடியேறிய பெற்றோருக்குச் சிகாகோவில் பிறந்தார். 11 வயதில் தபாலில் வரவழைத்த சிறு கையேடு ஒன்றைப் படித்துத் தாமே இக்கலையைப் பழகினார். பள்ளியில் படிக்கும்போது, தெருவில் செய்தித்தாள் விற்ற அயர்லாந்து வழிச் சிறுவன் ஒருவனின் சாயலில், தியோடர் மேக் என்பவரைக் கொண்டு ஒரு மரத்தலை செதுக்கச் செய்தார். அதுதான் சார்லி மெக்கார்த்தி.

கலையின் நுட்பம்

குரலை வேறிடத்துக்கு 'எறிவது' என்று சொல்வது பேச்சுவழக்கே. குரல் கலைஞரின் தொண்டையிலிருந்துதான் வருகிறது. அருகருகே இரண்டு வாய்கள் இருக்கும்போது எது அசைகிறதோ அதுவே பேசுகிறது என்று நம் கண் தீர்மானித்துவிடுகிறது. காதும் அதை ஏற்றுக்கொள்கிறது.

கடினமானவை இதழ் பொருந்தப் பிறக்கும் எழுத்துகள். கண்ணாடி முன் நின்று, உதடு சேராமல் 'அம்மா', 'அப்பா' என்று சொல்லிப் பார்த்தால் சிரமம் புரியும். இக்கலைஞர்கள் பகரத்துக்கும் மகரத்துக்கும் பதிலாக நாவால் எழுப்பும் நெருங்கிய ஒலிகளை இட்டு நிரப்புகிறார்கள். சார்லி தன் எசமானரை அழைத்ததோ 'பெர்கன்' என்று. அவனுடைய பெயரே 'மெக்கார்த்தி'. இரண்டிலும் முதலெழுத்து இதழ் சேர்ந்து பிறப்பதுதான்!

மேடையும் வானொலியும்

பல்சுவை மேடை நிகழ்ச்சிகளில் ஊர் ஊராகச் சென்று நடித்துவந்த பெர்கன், அவற்றுக்கு வரவேற்பு குறைந்ததும் இரவு விடுதிகளுக்கு மாறினார். சார்லிக்கு உயரத் தொப்பி, கனவான்கள் அணியும் கோட்டு, ஒற்றைக் கண்ணாடி எல்லாம் வந்தன. உருவத்தில் கனவான், பேச்சில் தெருப்பையன். அந்த முரண்தான் அரங்கைச் சிரிக்கவைத்தது.

1936 டிசம்பரில் ரூடி வாலியின் வானொலி நிகழ்ச்சியில் தோன்றினார். அடுத்த ஆண்டே தமக்கென ஒரு நிகழ்ச்சி பெற்று, 1956 வரை வானொலியில் நீடித்தார். உதடு தெரியாத ஊடகத்தில் உதடசையாக் கலைக்கு என்ன வேலை என்று கேட்கத் தோன்றும். நேயர்கள் கேட்க வந்தது வித்தையை அன்று; இரண்டு பேர் சண்டை போடுவதை. வானொலிப் பழக்கத்தால் பெர்கனின் உதடு அசையத் தொடங்கியது. அதையும் சார்லியே மேடையில் கேலி செய்தான். இயல்பில் கூச்சம் மிகுந்தவரான பெர்கன் சொல்லத் தயங்கியதையெல்லாம் சார்லி துணிந்து சொன்னான். வகுப்பில் வாய் திறக்காத பிள்ளை, நாடகத்தில் முகமூடி மாட்டியதும் உரக்கப் பேசுவதை ஆசிரியராக இருந்தவர்கள் அறிவார்கள்.

1938இல் பெர்கனுக்குச் சிறப்பு ஆஸ்கார் விருது வழங்கப்பட்டது. அந்தச் சிலை மரத்தால் ஆனது, வாயும் அசையும்.

குடும்பம்

நடிகை கேண்டிஸ் பெர்கன் இவருடைய மகள். சிறுவயதில் பத்திரிகைகள் அவரைச் 'சார்லியின் தங்கை' என்றே குறிப்பிட்டன. தந்தை ஒரு முழங்காலில் தன்னையும் மறு முழங்காலில் சார்லியையும் அமர்த்தி, இருவருக்கும் தாமே குரல் கொடுத்ததை அவர் நினைவுக் குறிப்பில் எழுதியுள்ளார். வீட்டில் சார்லிக்குத் தனி அறை இருந்தது. பெர்கன் தம் உயிலில் சார்லியின் பராமரிப்புக்கென 10,000 டாலர் ஒதுக்கினார் என்றும், தனக்கு எதுவும் வைக்கவில்லை என்றும் மகள் பின்னாளில் வருத்தத்துடன் பதிவு செய்தார்.

இறுதி நிகழ்ச்சி

1978 செப்டம்பரில் ஓய்வை அறிவித்த பெர்கன், சார்லியை ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்குக் கொடுப்பதாகவும் கூறினார். பின்னர் லாஸ் வேகாஸ் நகரின் சீசர்ஸ் பேலஸ் அரங்கில், பாடகர் ஆண்டி வில்லியம்ஸுடன் விடைபெறும் நிகழ்ச்சிகளைத் தொடங்கினார். தொடங்கிய சில நாள்களில், செப்டம்பர் 30 அன்று, உறக்கத்திலேயே உயிர் பிரிந்தது. அவருக்கு வயது 75. அவர் நடித்திருந்த 'தி மப்பெட் மூவி' திரைப்படம் 1979இல் வெளியானபோது அவருக்கே காணிக்கையாக்கப்பட்டது. சார்லி சொன்னபடியே வாஷிங்டன் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தான்.