மெய்நிகர் நினைவகமும் மெய்யான பயன்பாடும்: ஒரு கலைச்சொல் நோக்கு

பெருந்தரவகங்களைக் கணினியில் ஆராய்வோர் இயங்குதளம் காட்டும் இரண்டு எண்களைக் கண்டு மயங்குவதுண்டு. லினக்ஸின் ‘டாப்’ என்னும் கண்காணிப்புக் கருவி, இயங்கும் ஒவ்வொரு நிரலுக்கும் நேரே ‘விர்ட்’, ‘ரெஸ்’ என இரு நெடுவரிசைகளில் அளவுகளைத் தருகிறது. முன்னது 9 ஜிபி எனவும் பின்னது 300 எம்பி எனவும் அமையக்கூடும். 4 ஜிபி நினைவகமே உள்ள கணினியில் 9 ஜிபி எங்ஙனம் அடங்கிற்று என்னும் ஐயம் இயல்பானதே. அவ்வையத்தால் தரவகத்தைச் சுருக்கிக்கொள்ளும் ஆய்வாளர், தேவையின்றித் தம் சான்றுகளை இழக்கிறார்.

‘விர்ட்’ குறிப்பது, நிரல் பயன்படுத்தலாம் என ஒதுக்கப்பட்ட முகவரிகளின் மொத்தப் பரப்பாகும். 8 ஜிபி அளவுள்ள தரவகக் கோப்பை நினைவக முகவரிகளோடு பிணைத்தால், அந்த 8 ஜிபியும் உடனே அக்கணக்கில் சேர்ந்துவிடும். கோப்பின் ஓர் எழுத்துகூட இன்னும் படிக்கப்பட்டிராது. நிரல் ஒரு முகவரியைத் தொட்ட பின்னரே அதற்குரிய பக்கமும், பெரும்பாலும் அதனை அடுத்த சில பக்கங்களும் வட்டிலிருந்து கொணரப்படுகின்றன. இதனைப் ‘பக்கப் பிழை’ என மொழிபெயர்த்து வழங்குகின்றனர். பிழை எதுவும் அங்கு நிகழ்வதில்லை என்பது கருதத்தக்கது. பக்கம் ஒன்று வழக்கமாக 4,096 பைட்டுகள் கொண்டது. யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட்டுகள் பெறுவதால், இடைவெளிகள் நீங்கலாக ஏறத்தாழ 1,365 குறியீடுகள் ஒரு பக்கத்தில் அடங்கும். இவ்வாறு வந்து தங்கியுள்ள பக்கங்களின் அளவே ‘ரெஸ்’.

இவ்வமைப்பு புதியதன்று. மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் உருவாகி 1962இல் பயன்பாட்டுக்கு வந்த அட்லஸ் கணினி, 16,384 சொற்கள் கொண்ட உள்நினைவகத்தையும் 98,304 சொற்கள் கொண்ட காந்த உருளையையும் நிரலருக்கு ஒரே சேமிப்பாகக் காட்டிற்று.

‘ரெஸ்’ எண்ணையும் அப்படியே கொள்ளலாகாது. 20 எம்பி அளவுள்ள பொது நூலகம் ஒன்றைப் பத்து நிரல்கள் பகிர்ந்தால், அது பத்திலும் தனித்தனியே எண்ணப்படும். கூட்டினால் 200 எம்பி எனத் தோன்றும். பகிர்வைப் பங்கிட்டுக் கணக்கிடும் ‘பிஎஸ்எஸ்’ அளவே கூட்டலுக்கு ஏற்றது. மேலும், வட்டுக்கு இடம்பெயர்க்கப்பட்ட பக்கங்கள் ‘ரெஸ்’ கணக்கில் வாரா. நெருக்கடி நேரத்தில் ஓர் எண் குறைவது சிக்கனம் ஆகாது.

‘மெய்நிகர் நினைவகம்’ என்னும் சொல் இயங்குமுறையின் பெயராகப் பொருந்துகிறது. அதே சொல்லை ‘விர்ட்’ எண்ணுக்கும் இடுவதே மயக்கத்தின் வேர். அவ்வெண்ணில் நினைவகம் இல்லை, முகவரிகளே உள்ளன. எனவே அதனை ‘முகவரிப் பரப்பு’ என்றும், ‘ரெஸ்’ அளவைத் ‘தங்கு நினைவகம்’ என்றும் வழங்குதல் தகும். ஆயினும் முகவரிப் பரப்பு முற்றிலும் பொருளற்ற எண் அன்று. கோப்பிலிருந்து வந்த, மாற்றப்படாத பக்கங்களை இயங்குதளம் வேண்டும்போது கைவிட்டு மீண்டும் படித்துக்கொள்ளும். சொல்லடைவு போல நிரல் தானே எழுதி நிரப்பும் பக்கங்களுக்கு அவ்வழி இல்லை. அவை யாவும் ஒருங்கே நிரம்பி, இடமாற்று வட்டும் தீர்ந்தால், இயங்குதளம் ஏதேனும் ஒரு நிரலை நிறுத்திவிடும். பெரும்பாலும் நிறுத்தப்படுவது மிகுதியான நினைவகத்தைக் கொண்டுள்ள அச்சொல்லடைவு நிரலே.