சிலுவைத் தண்டனை

மாணவர்களே, சிலுவையில் அறைதல் என்பது உரோமர் பெரும்பாலும் அடிமைகளுக்கும் கலகக்காரருக்கும் விதித்த கொடுந்தண்டனையாகும். குற்றவாளியைச் சாட்டையால் அடித்து, குறுக்குமரத்தை அவனே சுமந்துவரச் செய்வர். நட்டுவைத்த கம்பத்தில் அதனை ஏற்றி, கைகால்களைக் கயிற்றாலோ ஆணியாலோ பிணிப்பர். சாவு சில மணி நேரத்தில் வரலாம்; சில நாள் கழித்தும் வரலாம். காண்போர் அஞ்சவேண்டும் என்பதே நோக்கம். கி.மு. 71இல் ஸ்பார்ட்டகஸின் கலகம் ஒடுங்கியபின், காப்புவா முதல் உரோம் வரை சாலையோரம் 6,000 பேர் இவ்வாறு மாண்டனர்.

இத்தனை பேர் மாண்டும் எலும்புச் சான்று அரிதாயிருப்பது ஏன்? பலருடைய உடல்கள் முறையான அடக்கம் பெறவில்லை, ஆணிகளும் பிடுங்கப்பட்டன. ஆயினும் 1968இல் எருசலேமின் வடபால் ஒரு கல்லறையில், ஆணி பக்கவாட்டில் துளைத்த குதிகால் எலும்பு கிடைத்தது. ஆணியின் நீளம் ஏறத்தாழ 11.5 செ.மீ.; நுனி வளைந்திருந்தமையால் பிடுங்க இயலவில்லை போலும். எலும்புப் பேழையில் பொறித்திருந்த பெயர் யெகோகனான். அவனையும் அன்புடன் அடக்கம் செய்தோர் இருந்தனர் என்பதை அப்பேழை உணர்த்துகிறது.