கந்தைப் போர்வை

‘கந்தையானாலும் கசக்கிக் கட்டு’ என்பது நாம் இளமை முதல் கேட்டுவரும் முதுமொழி. கந்தை என்றவுடன் கிழிந்த பழந்துணியும், அதனோடு சேர்ந்து வறுமையும் நம் நினைவுக்கு வருகின்றன. அதே சொல் வங்க நாட்டில் ‘காந்தா’ என்று வழங்குகிறது. வடமொழியிலுள்ள ‘கந்தா’ என்னும் சொல்லே இரு மொழிகளிலும் இவ்வாறு நிற்கிறது என்பர் மொழியறிஞர். ஆனால் வங்கத்தில் அது வறுமையை மட்டும் குறிக்கவில்லை. தாய் தன் மகளுக்கும், பாட்டி தன் பேரனுக்கும் தைத்தளிக்கும் போர்வையைக் குறிக்கிறது. கந்தை எவ்வாறு பரிசாயிற்று என்பதைச் சிறிது காண்போம்.

உடுத்து நைந்த சேலைகளையும் வேட்டிகளையும் வங்கக் கிராமத்துப் பெண்கள் எறிந்துவிடுவதில்லை. துவைத்து மடித்துச் சேர்த்து வைப்பார்கள். போதிய துணி சேர்ந்ததும், அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாகத் தரையில் விரித்து, சுருக்கம் நீங்க நீவி, ஓரங்களை இணைப்பார்கள். பழைய சேலைக் கரைகளிலிருந்து வண்ண நூலை உருவி ஊசியில் கோப்பார்கள். துணியும் பழையது, நூலும் பழையது. விலை கொடுத்து வாங்கியது ஊசி ஒன்றே எனலாம். தையலும் மிக எளியது. ஊசி மேலும் கீழுமாக நுழைந்து நேரே ஓடும் ஓட்டுத் தையல்தான் அது. வீட்டு வேலைகள் முடிந்த பிற்பகல் வேளைகளில் சிறிது சிறிதாகத் தைப்பதால், ஒரு போர்வை முடியப் பல மாதங்களாகும். சில வேளை ஆண்டுகளும் ஆவதுண்டு.

இத்தகைய போர்வை தரும் சுகத்துக்குக் காரணம் என்ன? போர்வை தானாக வெப்பத்தை உண்டாக்குவதில்லை. நம் உடலின் வெப்பம் வெளியேறாமல் தடுப்பதே அதன் வேலை. அசையாது நிற்கும் காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. மெல்லிய துணிகளைப் பல அடுக்குகளாக வைத்துத் தைக்கும்போது, அவற்றினிடையே காற்று சிறைப்படுகிறது. நெருங்கி ஓடும் தையல் துணியைச் சற்றே சுருக்குவதால், நீரலை போன்ற சிறு மேடுபள்ளங்கள் தோன்றுகின்றன. அடுக்குகள் நழுவாமல் நிற்பதும் அத்தையலால்தான். மேலும், பலமுறை துவைத்த பருத்தித் துணி கஞ்சியும் முரட்டுத்தன்மையும் நீங்கி மென்மை அடைகிறது. பிறந்த குழந்தையைப் புதுத் துணியில் கிடத்தாமல் பழைய நூற்சேலையில் கிடத்தும் நம் வீட்டு வழக்கத்திலும் இந்த அறிவே அடங்கியிருக்கிறது.

குளிருக்குப் போர்த்தும் தடித்த காந்தாவுக்கு ‘லேப்’ என்றும், விழா நாட்களில் விரிப்பதற்குச் ‘சுஜ்னி’ என்றும் பெயர். நூல்களைச் சுற்றி வைக்கவும், கண்ணாடியையும் சீப்பையும் பொதிந்து வைக்கவும் தனித்தனிக் காந்தாக்கள் உண்டு. சித்திரத் தையல் அமைந்ததை ‘நக்ஷி காந்தா’ என்பர். நடுவில் மலர்ந்த தாமரையும், நான்கு மூலைகளிலும் மரங்களும் அமைவது பெருவழக்கு. அவற்றினிடையே யானை, குதிரை, படகு, தேர் எனத் தைப்பவள் கண்டதும் கேட்டதும் இடம்பெறும். எழுத்தறியாத பெண்ணுக்கு அதுவே ஏடு, ஊசியே எழுதுகோல்.

இவ்வுண்மையை உணர்ந்த கவிஞர் ஜசீமுத்தீன், 1929-ஆம் ஆண்டில் ‘நக்ஷி காந்தார் மாட்’ என்னும் கதைப் பாடலை இயற்றினார். கணவனைப் பிரிந்த சாஜு என்னும் பெண், தன் வாழ்வு முழுவதையும் ஒரு காந்தாவில் தைத்து, இறந்தபின் அதைத் தன் கல்லறைமேல் விரிக்குமாறு வேண்டுகிறாள். பேச வாயில்லாத துயரத்துக்குத் துணி வாயாயிற்று.

குருசதய் தத், ஸ்டெல்லா கிராம்ரிஷ் போன்ற அறிஞர்கள் பழங்காந்தாக்களைத் தேடித் திரட்டினார்கள். அவை இன்று அருங்காட்சியகப் பொருள்கள். அவற்றுள் சிலவற்றில் தைத்தவரின் பெயர் தையலிலேயே பொறிக்கப்பட்டிருக்கிறது. பெரும்பாலானவற்றில் பெயர் இல்லை. அருகே வைத்த சீட்டில் ஊரும் காலமும் எழுதலாம். எத்தனை பிற்பகல்களை யாருக்காக ஒருத்தி செலவிட்டாள் என்பதை எழுத இயலாது.

1971-ஆம் ஆண்டில் வங்காளதேசம் பிறந்த பின்னர், போரினால் வாழ்விழந்த பெண்கள் பலருக்கு இத்தையல் பிழைப்புக்கு வழியாயிற்று. இன்று புதுத் துணியில், கடைக்காகத் தைக்கும் காந்தாக்களே மிகுதி. இதைக் கலையின் வீழ்ச்சி என்று வருந்துவோர் உண்டு. பசித்தவள் தன் கைத்திறனுக்குக் கூலி பெறுவது வீழ்ச்சியாகாது. அக்கூலி உழைப்புக்கு ஈடாக இல்லாமையே வருந்தத் தக்கது. எனினும் ஒன்றை மறத்தலாகாது. கடைக் காந்தாவை எவரும் வாங்கலாம். பாட்டியின் வேட்டித் துண்டும் தாயின் மணச்சேலையும் அடுக்கடுக்காய் அமைந்த போர்வையை வாங்க முடியாது. யாருக்கென்று தைக்கப்பட்டதோ, அவருக்கன்றி மற்றவர்க்கு அது பழந்துணிதான்.

மாணவர்களே, உங்கள் வீட்டுப் பெட்டியிலும் அத்தகைய பழைய விரிப்பு ஒன்று இருக்கலாம். தூக்கி எறியுமுன், அது யாருடைய சேலை, தைத்தவர் யார் என்று வீட்டுப் பெரியோரைக் கேளுங்கள். விடை சொல்லக்கூடியவர் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.