ஊருக்குப் போகிறீர்களா? மெயிலுக்கு என்ன ஏற்பாடு?

பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்கள் டிக்கெட்டை மாதக்கணக்கில் முன்பே எடுத்துவிடுகிறார்கள். ஆபீஸ் மெயிலுக்கான ஏற்பாட்டை மட்டும் கிளாம்பாக்கத்தில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டு செய்கிறார்கள். "விடுப்பில் இருக்கிறேன். மெயிலை அவ்வப்போதுதான் பார்ப்பேன்" என்று தானியங்கிப் பதிலில் ஒரு வரியைத் தட்டிவிட்டால் முடிந்தது என்று நினைப்பு.

லீவைக் கெடுப்பதே அந்த வரிதான். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். எப்படியும் பார்ப்பார் என்று அனுப்பியவர் காத்திருப்பார். பார்க்கவில்லையே என்ற உறுத்தலில் நீங்களும் போனை எடுப்பீர்கள். பார்ப்பேன், பார்க்க மாட்டேன் இரண்டில் ஒன்றைச் சொல்லிவிடுவது நல்லது. இப்படி எழுதினால் போதும்: "ஜனவரி 13 முதல் 18 வரை விடுப்பு. இந்த நாட்களில் மெயில் பார்க்க மாட்டேன். பில், பேமென்ட் விஷயங்களுக்கு அக்கவுன்ட்ஸ் குழுவின் பொது முகவரிக்கு எழுதுங்கள். மற்றவற்றுக்கு 19-ஆம் தேதிக்குப் பிறகு பதில் தருகிறேன்."

மாற்று ஆள் என்று ஒருவர் பெயரைப் போடுவதானால், அவருக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும், முடிவெடுக்கும் அதிகாரமும் இருக்க வேண்டும். நேற்று சேர்ந்த பையனின் பெயரைப் போட்டுவிட்டுப் போனால், மெயில் வராது, போன் வரும். "அண்ணா, அந்த ஃபைல் எங்க இருக்கு? ஒரே நிமிஷம்தான்." அந்த ஒரு நிமிஷம் எத்தனை நிமிஷம் என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

இனி, கருவி எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். ஜிமெயிலில் தானியங்கிப் பதில் நீங்கள் குறித்த முதல் நாள் நள்ளிரவு 12 மணிக்குத் தொடங்கி, கடைசி நாள் இரவு 11.59-க்கு முடியும். இதில் ஒரு சின்னச் சிக்கல். திங்கள் மாலை 5 மணிக்குக் கிளம்பிவிட்டு, செவ்வாய் முதல் என்று குறித்தால், அன்று மாலை வரும் மெயில்களுக்குப் பதிலே போகாது. ஆகவே கிளம்பும்போது அன்றைய தேதியையே தொடக்கமாகப் போடுங்கள். முடிவுத் தேதியை, வேலைக்குத் திரும்பும் நாளாக வைத்துக்கொள்ளுங்கள். சேர்ந்து கிடப்பதைப் படித்து முடிக்க அந்த ஒரு நாள் கிடைக்கும். அவுட்லுக்கில் மணியைக் குறிப்பிட்டே அமைக்கலாம்.

ஒரே ஆள் பத்து மெயில் அனுப்பினால் பத்துப் பதில் போகாது. ஜிமெயில் ஒருவருக்கு 4 நாளைக்கு ஒருமுறைதான் பதில் அனுப்பும். நடுவில் வாசகத்தைத் திருத்தினால் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். இந்த வழக்கம் பழையது. யூனிக்ஸ் கணினிகளில் இதற்காகவே 'வெக்கேஷன்' என்று ஒரு நிரல் இருந்தது. சென்ட்மெயில் என்ற மெயில் மென்பொருளை உருவாக்கிய எரிக் ஆல்மன் எழுதியது. அது ஒருவருக்கு வாரம் ஒருமுறை பதில் அனுப்பும். இந்தக் கட்டுப்பாடு இல்லாவிட்டால், லீவில் இருக்கும் இருவரின் இயந்திரங்கள் "நான் இல்லை", "நானும் இல்லை" என்று இரவு முழுக்க ஒன்றுக்கொன்று எழுதிக்கொண்டிருக்கும். தானாகப் போகும் மெயிலுக்குத் தானாகப் பதில் போடக் கூடாது என்பது 2004-இல் வந்த ஆர்எஃப்சி 3834 என்ற இணையத் தரநிலை ஆவணத்தில் விதியாகவே எழுதப்பட்டிருக்கிறது.

வெளியாட்களுக்குப் போகும் பதிலில் கவனம் தேவை. மேனேஜர் எந்தத் தேதிவரை ஊரில் இல்லை, அவருக்குப் பதில் யார் என்று தெரிந்துகொண்டு, அவர் பெயரிலேயே "இந்தத் தொகையை உடனே அனுப்பு" என்று அக்கவுன்ட்ஸுக்கு மெயில் போடும் மோசடிக்காரர்கள் இருக்கிறார்கள். அவுட்லுக்கில் அலுவலகத்துக்குள் ஒரு வாசகம், வெளியே ஒரு வாசகம் என்று பிரிக்கலாம். வெளியே போவது இரண்டு வரியில் முடியட்டும்.

பாஸ்வேர்டைச் சக ஊழியரிடம் சொல்லிவிட்டுப் போகும் பழக்கம் நம் ஆபீஸ்களில் சகஜம். வேண்டவே வேண்டாம். ஜிமெயிலிலும் அவுட்லுக்கிலும் உங்கள் பெட்டியை இன்னொருவர் தன் கணக்கிலிருந்தே பார்க்க அனுமதி தரும் வசதி உண்டு. நிறுவனக் கணக்கானால் ஐடி பிரிவிடம் கேளுங்கள்.

போனில் நோட்டிஃபிகேஷனை அணைத்தால் மட்டும் போதாது. கை தானாகப் போய்த் திறக்கும். ஆண்ட்ராய்டில் அலுவலகச் செயலிகளுக்கு வொர்க் புரொஃபைல் போட்டிருந்தால், ஒரே தட்டில் எல்லாவற்றையும் உறங்கவைக்கலாம்.

மெயில் வந்து குவிவதையே தடுத்த நிறுவனமும் உண்டு. ஜெர்மனியின் டைம்லர், லீவில் இருக்கும் ஊழியருக்கு வரும் மெயில் தானாக அழிந்துவிடும் வசதியைக் கொண்டுவந்தது. 2014-இல் இது உலகச் செய்தியானது. அழிந்துவிட்டது, அவசரமானால் இன்னாருக்கு எழுதுங்கள் என்று அனுப்பியவருக்குத் தகவல் போகும். பிரான்சில் 2017 முதலும் ஆஸ்திரேலியாவில் 2024 முதலும் வேலை நேரத்துக்கு வெளியே தொடர்பிலிருந்து விலகியிருக்கும் உரிமை சட்டத்திலேயே இருக்கிறது. நம் மக்களவையில் 2018-இல் எம்.பி. சுப்ரியா சுலே இதைத் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்தார். சட்டமாகவில்லை. ஆகவே இங்கே மேனேஜரிடம் முன்கூட்டிப் பேசி வைப்பதுதான் வழி: எது நடந்தால் மட்டும் என்னைக் கூப்பிடலாம்?

திரும்பி வந்ததும் பெட்டியை அடியிலிருந்து படிக்க ஆரம்பிக்காதீர்கள். முதலில் உங்கள் வேலையைப் பார்த்தவரிடம் ஒரு டீ நேரம் உட்கார்ந்து கேளுங்கள். பாதி மெயில்களின் கதை அங்கேயே முடிந்திருக்கும். பிறகு புதியதிலிருந்து பழையதற்குப் போங்கள். சிசியில் மட்டும் உங்கள் பெயர் இருப்பவற்றைத் தனி ஃபோல்டருக்குத் தள்ளுங்கள். முக்கியமானதாக இருந்தால் அனுப்பியவரே மறுபடி கேட்பார்.