சொன்னதைத் திருப்பிச் சொல்ல வேண்டும்!

1972-ஆம் ஆண்டு செப்டம்பர் 24-ஆம் தேதி. லண்டனிலிருந்து டோக்கியோ செல்லும் ஜப்பான் ஏர்லைன்ஸ் ஜெட் விமானம் பம்பாய் சாந்தாகுரூஸில் இறங்க வேண்டும். இறங்கியதோ ஜூஹுவில்! சிறு விமானங்களுக்கான அந்த ஓடுபாதை அதற்குப் போதவில்லை. பாதையைத் தாண்டி ஓடி, மீண்டும் பறக்க முடியாதபடி சேதமடைந்தது. நல்ல வேளையாக உயிர்ச்சேதம் இல்லை.

1953-இலும் ஒரு பிரிட்டிஷ் 'காமெட்' விமானம் இதே தவறைச் செய்திருந்தது.

காரணம் புரிந்துகொள்ளக் கூடியதே. கடல் பக்கமிருந்து வரும் விமானிக்கு முதலில் கண்ணில் படுவது ஜூஹு. பெரிய விமான நிலையம் அதற்குச் சற்றுக் கிழக்கே இருக்கிறது. இரண்டிலும் ஓடுபாதைகள் ஏறக்குறைய ஒரே திசையில் கிடக்கின்றன.

ஜூஹு 1928-இல் தொடங்கிய விமான நிலையம். 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து தபால் மூட்டையுடன் வந்து இறங்கியது இங்கேதான். அந்தத் தபால் பிறகு நெவில் வின்சென்ட் ஓட்டிய விமானத்தில் சென்னைக்குப் போயிற்று. டாட்டாவின் விமானத்தில் ரேடியோ கிடையாது. யாரையும் கேட்க வேண்டியதில்லை. கேட்டாலும் பதில் சொல்ல ஆளில்லை.

இன்று அப்படி முடியுமா?

சொந்த விமானமே வைத்திருந்தாலும் நினைத்த நேரத்தில் கிளம்பிவிட முடியாது. எங்கிருந்து எங்கே, எந்த உயரத்தில், எத்தனை பேர் என்று பயணத் திட்டம் கொடுத்து, விமானத் தகவல் மையத்தின் எண்ணையும், வான் பாதுகாப்பு அனுமதி எண்ணையும் பெற வேண்டும். பிறகுதான் கோபுரத்துடன் பேச்சு. என்ஜினைக் கிளப்ப, ஓடுபாதை வரை உருண்டு செல்ல, மேலே ஏற என்று ஒவ்வொன்றுக்கும் அனுமதி வேண்டும்.

ஆபீஸ் டெலிபோனில் 'பி ஃபார் பாம்பே, டி ஃபார் டெல்லி' என்று கத்திப் பழகியவர்களுக்கு இந்தப் பேச்சு புதிதல்ல. இந்திய விமானங்களின் பதிவு எழுத்து 'வி.டி.' என்று தொடங்கும். ரேடியோவில் அது 'விக்டர் டாங்கோ'. ஒன்பதை 'நைன்' என்றால் இரைச்சலில் 'ஃபைவ்' என்று காதில் விழலாம், ஆகவே 'நைனர்'.

சினிமா விமானி எதற்கெடுத்தாலும் 'ரோஜர்' என்பார். அதற்குப் பொருள் 'நீங்கள் சொன்னது முழுதும் காதில் விழுந்தது' என்பது மட்டுமே. என்ன விழுந்தது என்பது கோபுரத்துக்கு எப்படித் தெரியும்? எனவே ஓடுபாதை எண், உயரம், திசை, காற்றழுத்த அளவு ஆகியவற்றை விமானி அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் கோபுரம் உடனே திருத்தும்.

583 உயிர்கள்

1977 மார்ச் 27. ஸ்பெயின் நாட்டின் டெனரிஃப் தீவில் பனிமூட்டம். கே.எல்.எம். விமானி 'டேக்-ஆஃப்' என்ற சொல்லுடன் ஏதோ சொன்னார். ஓடத் தொடங்கிவிட்டதை அவர் சொன்னார். ஓடத் தயாராக நிற்கிறார் என்று கோபுரம் எடுத்துக்கொண்டது. 'ஓ.கே.' என்று பதில் வந்தது. 'காத்திருங்கள்' என்று கோபுரம் தொடர்ந்து சொன்ன அதே நொடியில், எதிரே ஓடுபாதையில் இருந்த பான் அமெரிக்கன் விமானமும் பேசியது. ஒரே அலைவரிசையில் இருவர் பேசினால் கிறீச்சென்ற ஓசைதான் மிஞ்சும். இரண்டு ஜம்போ ஜெட்களும் மோதி 583 பேர் மாண்டனர்.

இன்று 'டேக்-ஆஃப்' என்ற சொல்லை, மேலே ஏற அனுமதி கொடுக்கும்போதும் அதை ரத்து செய்யும்போதும் மட்டுமே உச்சரிக்கலாம். மற்ற நேரமெல்லாம் 'டிபார்ச்சர்'தான்.

வாய் திருப்பிச் சொன்னாலும் கை கேட்க வேண்டுமே! 1996 நவம்பர் 12 அன்று டில்லிக்கு அருகே சர்க்கி தாத்ரியில், 15,000 அடியில் நிற்க வேண்டிய கஜகஸ்தான் விமானம் அதற்கும் கீழே இறங்கி, 14,000 அடிக்கு ஏறியிருந்த சவூதி விமானத்துடன் மோதியது. 349 பேர் பலி. கஜகஸ்தான் விமானத்தில் ரேடியோவில் பேசியவர் ஒருவர், ஓட்டியவர் வேறொருவர்.

சரி, ரேடியோவே பழுதானால்? கருவியில் 7600 என்ற எண்ணை வைத்தால் ரேடாரில் பார்ப்பவர்களுக்கு விஷயம் தெரிந்துவிடும். கோபுரம் விளக்கைக் காட்டும். நிலையான பச்சை என்றால் இறங்கலாம். நிலையான சிவப்பு என்றால் பிறருக்கு வழிவிட்டு வட்டமடிக்க வேண்டும். சிவப்பு விட்டு விட்டு மின்னினால் அங்கே இறங்கவே கூடாது.

அப்போதும் பதில் உண்டு. பகலானால் இறக்கைகளை ஆட்டிக் காட்ட வேண்டும். இரவானால் இறங்கு விளக்கை இருமுறை ஏற்றி அணைக்க வேண்டும். ஓடுபாதைக்கு நேராக இறங்கிவரும் கடைசிக் கட்டத்தில் இறக்கையாட்டத்தை யாரும் எதிர்பார்ப்பதில்லை.