முதலில் எழுத்தாளர்களைத்தான் பிடித்தார்கள்... ஆர்மீனிய இனப்படுகொலைக்கு சாட்சி சொல்லும் புத்தகங்கள்!

1915 ஏப்ரல் 24, சனிக்கிழமை இரவு. ஓட்டோமான் பேரரசின் தலைநகரான கான்ஸ்டான்டிநோபிளில், அதாவது இன்றைய இஸ்தான்புல்லில், போலீஸார் ஒரு பெயர்ப் பட்டியலோடு வீடு வீடாகப் போனார்கள். கவிஞர்கள், பத்திரிகை ஆசிரியர்கள், டாக்டர்கள், வழக்கறிஞர்கள், பாதிரியார்கள்... பட்டியலில் இருந்த அத்தனை பேரும் ஆர்மீனியர்கள். 200-க்கும் மேற்பட்டோர் கைதானார்கள். அவர்களில் பெரும்பாலானோர் வீடு திரும்பவே இல்லை.

உலகெங்கும் உள்ள ஆர்மீனியர்கள் ஏப்ரல் 24-ஐ நினைவு நாளாகக் கடைப்பிடிப்பது இதனால்தான். நடந்ததை எழுதக்கூடியவர்களையே முதலில் பிடித்துவிட்டார்கள். அப்புறம் இந்தக் கதை எப்படி வெளியே வந்தது?

என்னதான் நடந்துச்சு?

முதல் உலகப் போரில் ஓட்டோமான் அரசு ஜெர்மனி பக்கம் நின்றது. ரஷ்யாவிடம் பெரிய தோல்வியைச் சந்தித்ததும், ஆட்சியில் இருந்த 'இளம் துருக்கியர்' தலைவர்கள் பழியை ஆர்மீனியக் கிறிஸ்தவர்கள் மேல் போட்டார்கள். எதிரிக்கு உதவுகிறார்கள் என்பது குற்றச்சாட்டு. ஊர் ஊராக ஆண்கள் தனியே பிரிக்கப்பட்டுக் கொல்லப்பட்டனர். பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும் சிரியப் பாலைவனத்தை நோக்கி நடக்க வைக்கப்பட்டனர். பசி, நோய், தாக்குதல் என வழியிலேயே பலர் இறந்தனர். இறந்தோர் எண்ணிக்கை 6 லட்சம் முதல் 15 லட்சம் வரை என மதிப்பிடப்படுகிறது.

சாகப்போறவர்கிட்ட எல்லாத்தையும் சொன்ன அதிகாரி

அன்று கைதானவர்களில் ஒருவர் கிரிகோரிஸ் பலாக்கியன் என்ற பாதிரியார். முதலில் சன்கிரி என்ற ஊரில் வைக்கப்பட்ட அவர், 1916-ல் மற்ற கைதிகளோடு பாலைவனத்தை நோக்கி அனுப்பப்பட்டார். அந்தக் கூட்டத்துக்குக் காவலாக வந்தவர் ஷுக்ரு என்ற அதிகாரி. பலாக்கியன் அவரிடம் நைசாகப் பேச்சுக் கொடுத்தார். யோஸ்கட் பகுதியில் ஆர்மீனியர்களை எப்படிக் கொன்றோம் என்பதை அந்த அதிகாரி விவரமாகச் சொல்லிக்கொண்டே வந்தார். இவர் எப்படியும் உயிரோடு திரும்பப்போவதில்லை, சொன்னால் என்ன என்ற நினைப்புதான்.

ஆனால், பலாக்கியன் தப்பித்துவிட்டார். முன்பு ஜெர்மனியில் படித்தவர் என்பதால் அந்த மொழி தெரியும். பாக்தாத் ரயில் பாதைக்காக மலையைக் குடைந்துகொண்டிருந்த பணியிடங்களில் ஒளிந்து, ஜெர்மானியராக வேடமிட்டு, 1918-ல் தலைநகருக்கே திரும்பினார். 'ஆர்மீனியன் கொல்கொதா' என்ற அவருடைய நூலின் முதல் பாகம் 1922-ல் வியன்னாவில் வெளியானது. இரண்டாம் பாகம் அச்சாக 1959 ஆகிவிட்டது. அப்போது அவர் இறந்து 25 ஆண்டுகள் ஆகியிருந்தன.

பட்டியலில் இருந்த ஒரே பெண்

அவர் நாவலாசிரியர் சபெல் யெசாயன். 1909-ல் அதானா நகரில் ஆர்மீனியர்கள் கொல்லப்பட்டபோது, அங்கே நேரில் போய் அநாதைக் குழந்தைகளைச் சந்தித்து, 1911-ல் புத்தகமாக எழுதியவர். 1915-ல் போலீஸுக்குச் சிக்காமல் பல்கேரியாவுக்குத் தப்பினார். அப்புறம் காகசஸ் பகுதிக்குப் போய், உயிர் பிழைத்து வந்தவர்களிடம் கேட்டுக் கேட்டு எழுதினார். ஹைக் தொரோயன் என்பவர் நேரில் கண்டதைச் சொல்ல, யெசாயன் எழுதிய சாட்சியம் 1917-லேயே வெளியாகிவிட்டது. போர் அப்போது முடிந்திருக்கவில்லை.

பாதிக்கப்பட்டவர்கள் மட்டும்தான் எழுதினார்களா என்றால், இல்லை. அமெரிக்கத் தூதர் ஹென்றி மார்கென்தாவ் வாஷிங்டனுக்குத் தந்திகள் அனுப்பினார். ஜெர்மனி ராணுவத்தின் மருத்துவப் பிரிவில் இருந்த ஆர்மின் வெக்னர், தடையை மீறிப் போட்டோக்கள் எடுத்தார். ஜெர்மனி ஓட்டோமான் அரசின் கூட்டாளி நாடு. அதனாலேயே அவருடைய சாட்சியத்துக்கு எடை அதிகம்.

'இனப்படுகொலை' என்ற சொல்லே அப்போ கிடையாது!

1921-ல் பெர்லினில் ஒரு கொலை நடந்தது. ஆர்மீனியர்களை நாடுகடத்த உத்தரவிட்ட முன்னாள் அமைச்சர் தலாத் பாஷாவை, சொகோமோன் தெஹ்லிரியான் என்ற ஆர்மீனிய இளைஞர் சுட்டுக் கொன்றார். வழக்கில் சாட்சி சொன்னவர்களில் பலாக்கியனும் ஒருவர். தெஹ்லிரியான் விடுதலையானார்.

இந்தச் செய்தி ரஃபேல் லெம்கின் என்ற போலந்து யூத இளைஞரை உலுக்கியது. ஒருவரைக் கொன்றால் குற்றம், ஒரு இனத்தையே கொன்றால் கேட்க சட்டமில்லையா என்பது அவருடைய கேள்வி. 1944-ல் 'ஜெனோசைட்' என்ற சொல்லை உருவாக்கியவர் அவர்தான். 1948-ல் ஐ.நா. அதைக் குற்றமாக்கி உடன்படிக்கை நிறைவேற்றியது.

இன்னைக்கும் ஏன் பிரச்னை?

போர்க்காலத்தில் எல்லாத் தரப்பிலும் உயிரிழப்பு நடந்தது, திட்டமிட்ட இனப்படுகொலை இல்லை என்பது துருக்கி அரசின் நிலைப்பாடு. 30-க்கும் மேற்பட்ட நாடுகள் இனப்படுகொலை என அங்கீகரித்துள்ளன. அமெரிக்க அதிபர் ஜோ பைடன் 2021-ல் அப்படி அறிவித்தார். இந்தியா இதுவரை அங்கீகரிக்கவில்லை.

துருக்கிக்குள் இதைப் பேசுவது சுலபமில்லை. எழுத்தாளர் ஓரான் பாமுக் 2005-ல் வழக்கைச் சந்தித்தார். பிறகு அது கைவிடப்பட்டது. 'அகோஸ்' வார இதழின் ஆசிரியர் ஹிரன்ட் டிங்க், 2007 ஜனவரி 19 அன்று இஸ்தான்புல்லில் தன் அலுவலக வாசலிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்.

அதே துருக்கியில்தான் இன்னொன்றும் நடந்தது. வழக்கறிஞர் ஃபெத்தியே செட்டின் 2004-ல் தன் பாட்டியைப் பற்றி ஒரு சின்னப் புத்தகம் எழுதினார. செஹெர் என்ற பெயரில் முஸ்லிமாக வாழ்ந்த பாட்டி, உண்மையில் ஹெரானுஷ் என்ற ஆர்மீனியச் சிறுமி. நாடுகடத்தல் நடைபயணத்தில் தாயிடமிருந்து பறிக்கப்பட்டவர். வயதான பிறகுதான் பேத்தியிடம் அதைச் சொன்னார். புத்தகம் வந்ததும், தங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பாட்டி உண்டு என்று பலர் பேசத் தொடங்கினார்கள்.

சென்னைக்கும் ஒரு லிங்க் இருக்கு!

உலகின் முதல் ஆர்மீனிய மொழி இதழான 'அஸ்தரார்' அச்சானது மெட்ராஸில், 1794-ல். அதை நடத்திய பாதிரியார் ஹாருத்யூன் ஷ்மாவோனியனின் கல்லறை, பாரிமுனை ஆர்மீனியன் தெருவில் உள்ள தேவாலய வளாகத்தில் இருக்கிறது.

எதில் ஆரம்பிக்கலாம்?

புதிதாகப் படிப்பவர்கள் செட்டினின் 'மை கிராண்ட்மதர்' நூலில் தொடங்கலாம். ஓரிரு நாளில் முடித்துவிடலாம். முழுச் சித்திரமும் வேண்டும் என்றால் 'ஆர்மீனியன் கொல்கொதா'. இதன் ஆங்கில மொழிபெயர்ப்பு 2009-ல் வந்தது. கனமான புத்தகம், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் படிக்க முடியும்.