மண்ணைத் தோண்டுமுன்

புதையல் என்ற சொல்லைக் கேட்டதும் சிறுவர் முதல் முதியோர் வரை எல்லோர்க்கும் ஆவல் பிறக்கின்றது. இங்கிலாந்திலே பலர் அவ்வாவலை ஒரு பொழுதுபோக்காகவே வளர்த்து வருகின்றனர். மண்ணுள் மறைந்து கிடக்கும் உலோகத்தை ஒலியெழுப்பிக் காட்டும் கருவியைக் கையிற் கொண்டு, ஓய்வு நாட்களில் அவர்கள் வயல்வெளிகளில் நடந்து திரிவர். முன்னதாக அனுமதி கேட்டல் அவர்களுக்குரிய முதல் விதியாகும். இது வெறும் மரியாதைக்காக ஏற்பட்ட விதி என்று எண்ணுவோரும் உளர். அதன் உண்மைப் பயனை அந்நாட்டு நிகழ்ச்சிகள் இரண்டு நமக்கு உணர்த்துகின்றன.

சரே மாவட்டத்து வான்பரோ என்னும் ஊரிலே, உரோமர் காலத்துக் கோயிலொன்று வயலின் கீழ்ப் புதைந்து கிடந்தது. அங்கே பழங்காசுகள் அகப்படுகின்றன என்ற செய்தி 1980களிற் பரவிற்று. பலர் அனுமதியின்றி இரவிலே கருவிகளுடன் வந்து நிலத்தைக் குழிகளாக்கினர். ஆயிரக்கணக்கான காசுகள் களவு போயின. 1985, 1986ஆம் ஆண்டுகளிலே சரே தொல்பொருளியற் கழகத்தார் அவ்விடத்தை முறைப்படி அகழ்ந்தனர். கோயிலின் அடித்தளமும் சங்கிலிகளால் அமைந்த தலையணிகளும் வெளிப்பட்டன. ஆயினும், களவுபோன காசுகள் எந்த மண்படையில், எவற்றோடு சேர்ந்து கிடந்தன என்பதை இனி எவராலும் கூறமுடியாது.

மற்றைய நிகழ்ச்சி சபோக் மாவட்டத்து ஹொக்சன் என்னும் ஊரில், 1992ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் நடந்தது. கமக்காரர் ஒருவர் தமது சுத்தியலை வயலிலே தொலைத்துவிட்டார். அவர் வேண்டிக்கொண்டபடி, நண்பர் ஒருவர் கருவியுடன் அதனைத் தேடினார். வெள்ளிக் கரண்டிகளும் பொன்னணிகளும் காசுகளும் தென்பட்டன. அந்நண்பர் எல்லாவற்றையும் வாரி எடுக்க முனையவில்லை. தோண்டுவதை நிறுத்தி, செய்தியை அதிகாரிகளுக்கு அறிவித்தார். மறுநாளே தொல்பொருளியலாளர் வந்து அகழ்ந்தனர். ஏறத்தாழ 15,000 காசுகளும், 200 வரையான பொன், வெள்ளிப் பொருள்களும் கிடைத்தன. அவை மரப்பெட்டியொன்றில், சிறு பேழைகளுள் எவ்வாறு அடுக்கப்பட்டிருந்தன என்பதையும் அறிய முடிந்தது. கண்டெடுத்தவருக்கு 17½ இலட்சம் பவுண் சன்மானம் வழங்கப்பட்டது. அதனை அவர் கமக்காரருடன் பகிர்ந்துகொண்டார். தொலைந்த சுத்தியலும் அகப்பட்டு, புதையலோடு பிரித்தானிய நூதனசாலையைச் சேர்ந்தது!

இங்கிலாந்திலே பிறர் காணியில் தேடுவோர் உரிமையாளரின் சம்மதத்தைப் பெறவேண்டும். பாதுகாக்கப்பட்ட தொன்மைச் சின்னங்கள் உள்ள இடமாயின் அது மட்டும் போதாது. 1979ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஹிஸ்ரோரிக் இங்கிலண்ட் என்னும் அரச அமைப்பின் எழுத்து மூலமான அனுமதியும் வேண்டும். வான்பரோவில் நேர்ந்த இழப்பும் ஒரு காரணமாக 1996ஆம் ஆண்டிலே புதையற் சட்டம் இயற்றப்பட்டது. இதன்படி, புதையலைக் கண்டவர் 14 நாட்களுள் மரண விசாரணை அதிகாரிக்கு அறிவிக்கவேண்டும். அந்நாட்டில் புதையல்களையும் விசாரிப்பவர் அவரே.

ஆதலால் அனுமதி கேட்பவர் தம் எண்ணத்தைத் தெளிவாக எழுதுதல் நன்று. எந்த வயலில், எந்நாட்களில் தேடுவார்? கிடைத்தவற்றை எவ்வாறு பதிவு செய்வார்? சன்மானம் கிடைத்தால் எவ்வாறு பங்கிடுவார்? இவற்றை முன்னரே எழுதி ஒப்புக்கொண்டால் பின்னர் பிணக்கு எழ இடமில்லை. உழவுபட்ட மேல்மண்ணின் கீழே குலையாத பொருள் தென்பட்டால் அங்கேயே நிறுத்தி, அறிந்தோரை அழைத்தல் வேண்டும்.

நமது நாட்டில் விதி இன்னும் கடுமையானது. 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் சட்டப்படி, பழம்பொருள் தேடி அகழ்வதற்கு உத்தரவுப் பத்திரம் வேண்டும். சொந்தக் காணியாயினும் இவ்விதிக்கு விலக்கில்லை. ஆயினும், புதையலாசையாற் பழைய சின்னங்களை உடைப்போர் பற்றிய செய்திகளை நாம் படித்தே வருகின்றோம்.

அனுமதி கேட்பவருக்குச் சில வேளை 'இல்லை' என்ற விடையே கிடைக்கும். அதனால் நட்டமொன்றுமில்லை, நூற்றாண்டுகளாகக் கிடந்த பொருள் இன்னுஞ் சில காலம் மண்ணுள் இருக்கும். கேளாது தோண்டியவரின் கையிலோ காசு இருக்கும். அக்காசு சொல்லவிருந்த கதை இராது.